அப்பாவோட வாட்ச்சைப் ‘புதுசு’ ஆக்கிடாதீங்க!

உங்க வீட்டு பீரோவிலும் அப்படி ஒண்ணு இருக்கலாம். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது, ரிட்டயர்மென்ட்டுக்கு ஆபீஸில் கொடுத்தது, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வாங்கிவந்தது என ஏதோ ஒரு கதையோடு, பத்திரக் கட்டுக்கும் நகைப் பெட்டிக்கும் நடுவே ஒரு பழைய கைக்கடிகாரம். கண்ணாடி முழுக்கக் கீறல். வெள்ளையாக இருந்த டயல் வெளுத்த டீ நிறத்துக்கு வந்திருக்கும். சாவி கொடுத்தால் நாலு நிமிஷம் ஓடி, நின்றுவிடும்.

‘இதை ரெடி பண்ணிக் கட்டினா என்ன?’ என்று இப்போது நிறைய பேருக்குத் தோன்றுகிறது. ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு, தாத்தா காலத்து எச்.எம்.டி-யைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போகும் இளைஞர்களைப் பார்க்க முடிகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், ரிப்பேர் கடை வாசலில் நின்று நீங்க சொல்லப்போகிற முதல் வாக்கியத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

“அண்ணே, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்துடுங்க!”

அவரும் நீங்க கேட்டதைத்தான் செய்வார். டயலுக்குப் புது பெயின்ட், கேஸுக்கு பாலிஷ், புது முள், புது கண்ணாடி. ஒரு வாரத்தில் பளபளவென்று ஒரு வாட்ச் கைக்கு வரும். அதில் அப்பா கட்டியிருந்தது பாதிகூட மிச்சமிருக்காது. சுரண்டிப்போட்ட டயலை எந்தக் கடையிலும் திரும்ப வாங்கவும் முடியாது.

முதலில், உள்ளே என்ன பிரச்னை என்று பார்ப்போம்.

சாவி கொடுக்கிற வாட்ச்சில் பேட்டரி கிடையாது. நீங்க முறுக்குகிற மெயின் ஸ்பிரிங்தான் சக்தி. அது மெதுவாக விரிய, பல்சக்கரங்கள் வழியாக அந்தச் சக்தி பேலன்ஸ் வீலுக்குப் போகிறது. முடி கனமே உள்ள ஹேர் ஸ்பிரிங், அந்தச் சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ‘டிக் டிக்’ சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. பழைய எச்.எம்.டி-க்கள் பலவற்றில் மணிக்கு 18,000 துடிப்பு. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 4,32,000. ஒரு வருஷத்துக்கு 15 கோடிக்கும் மேல்!

இவ்வளவு ஓட்டத்தையும் தாங்குவது ஒவ்வொரு அச்சு முனையிலும் இருக்கும் துளி எண்ணெய். டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து உள்ளே ரத்தினம் இருப்பதாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவை செயற்கையாகத் தயாரித்த சிவப்புக் கற்கள். விலை பெரிதாக எதுவும் இல்லை. அச்சுகள் தேயாமல் சுழலத்தான் அந்தக் கல். எண்ணெய் சில வருஷங்களில் காய்ந்து பிசினாகிவிடும். பீரோவில் 30 வருஷம் கிடந்த வாட்ச் ஓடாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ‘ஓவரா சாவி கொடுத்து ஸ்பிரிங் போச்சு’ என்று வீட்டில் யாராவது யார் மேலாவது பழி போட்டிருப்பார்கள். முழுசாகச் சாவி கொடுத்ததால் மட்டும் வாட்ச் கெடுவதில்லை. காய்ந்த எண்ணெயை மீறி ஓட முடியாமல் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் அந்த வாட்ச்சுக்குத் தேவை சர்வீஸ். மெஷினை முழுசாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, உலர்த்தி, இடத்துக்கு ஏற்ற எண்ணெயை ஊசி முனையில் வைத்துத் திரும்பப் பூட்டுவது. பிரிக்காமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, காற்று ஊதி, மேலாக எண்ணெய் விடுகிற கடைகளும் உண்டு. வாட்ச் ஓடும். ஆனால், அழுக்கு கலந்த எண்ணெய் அச்சுகளை அரம் மாதிரி அராவிக்கொண்டிருக்கும். “பிரிச்சு சர்வீஸ் பண்ணுவீங்களா?” என்று தைரியமாகக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டைம்கிராஃபர் என்று ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. வாட்ச்சின் சத்தத்தைக் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று சொல்லிவிடும். கூடவே ‘ஆம்ப்ளிட்யூட்’ என்று ஒரு எண் வரும். பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி சுழல்கிறது என்பதுதான் அது. முழுசாகச் சாவி கொடுத்த பிறகு 250-க்கு மேல் இருந்தால் பழைய வாட்ச்சுக்கு ஆரோக்கியம். 200-க்குக் கீழே என்றால், உள்ளே இன்னும் ஏதோ இழுக்கிறது. நாளைக்கு 20 விநாடி தப்பினால் கவலைப்படாதீர்கள். 86,400 விநாடியில் 20 என்பது ஒன்றுமே இல்லை.

டயல்தான் ஜாதகம்

மெஷினை எத்தனை முறை வேண்டுமானாலும் சர்வீஸ் பண்ணலாம். டயல் விஷயம் வேறு. ஒரு பழைய வாட்ச்சின் மதிப்பில் பெரும்பங்கு, தொடாத டயலில் இருக்கிறது. உலகமே பார்த்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா, 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. அவர் மனைவி ஜோன் வுட்வர்ட் பரிசாகக் கொடுத்த வாட்ச் அது. சின்ன வட்டங்களுக்குள் வித்தியாசமான எழுத்தும் சதுரப் புள்ளிகளும் இருக்கும் அந்த டயல், வந்த புதிதில் சரியாக விற்காத சரக்கு! இன்று ‘பால் நியூமன் டயல்’ என்பதே ஒரு வகையின் பெயராகிவிட்டது. அதே மாடல் வாட்ச்தான், டயல் மட்டும் சாதாரணம் என்றால் விலை பல மடங்கு இறங்கிவிடும். அதனாலேயே போலி டயல் செய்பவர்களுக்கு அது பிடித்த வேட்டைக்களம்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது எச்.எம்.டி. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று ஒரு தலைமுறையின் மணிக்கட்டில் இருந்தவை எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களை இறக்க, சாவி கொடுக்கிற காலம் மெள்ள முடிவுக்கு வந்தது. எச்.எம்.டி வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்தி வந்த பிறகுதான், ‘அய்யய்யோ’ என்று எல்லோரும் பழைய எச்.எம்.டி-யைத் தேட ஆரம்பித்தார்கள். (இருக்கும்போது யாருக்கும் அருமை தெரிவதில்லை!)

தேவை கூடினால் சரக்கும் வரத்தானே செய்யும்? ஆன்லைனில் ‘விண்டேஜ் எச்.எம்.டி’ என்று தேடிப் பாருங்கள். ஆரஞ்சு, பச்சை, ரோஜா நிறம் என ஐஸ்க்ரீம் கடை மாதிரி ஒரே மாடல் பத்து நிறத்தில் வரும். மெஷின் பழையதாகவே இருக்கலாம். டயலைச் சுரண்டி, புது நிறம் அடித்து, எழுத்தை அச்சடித்திருப்பார்கள். இதை ‘ரீடயல்’ என்பார்கள். இப்படி மும்பைப் பக்கமிருந்து நிறைய வருவதால், உலகம் முழுக்க வாட்ச் சேகரிப்பவர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே கிண்டலாகப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வாட்ச்சின் கேஸ், இன்னொன்றின் டயல், மூன்றாவதின் முள் என்று கிடைத்ததைப் பூட்டினால் அது ‘ஃப்ராங்கன்வாட்ச்’. பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்று போதும். ஒரிஜினல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ரீடயலில் மை லேசாகப் பரவி, எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்காது. டயல் நேற்று வந்தது மாதிரி பளிச், முள்ளில் மட்டும் துரு என்றால், இரண்டும் ஒன்றாக வயதாகவில்லை என்று அர்த்தம்.

சீகோ 5 என்றால் இன்னும் சுலபம். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த சூட்கேஸ்களில் ஒரு காலத்தில் தவறாமல் இடம்பிடித்த வாட்ச் அது. பின்மூடியில் 7009-3040 மாதிரி ஓர் எண் இருக்கும். முதல் நாலு இலக்கம் மெஷினின் எண். டயலின் அடி விளிம்பில், 6 மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் இருக்கும் குறியீடும் பெரும்பாலும் அதே நாலு இலக்கத்தில்தான் தொடங்கும். டயலில் குறியீடே இல்லையா? ரீடயலாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்மூடியில் இருக்கும் சீரியல் நம்பரின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி எழுத்துகள். அப்பா துபாயில் இருந்த வருஷத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்!

மாற்றிக் கட்டுவது தப்பா?

தப்பே இல்லை. ‘மாடிங்’ என்பது தனி உலகம். சீகோ குழுமம் தயாரிக்கும் என்.எச்.35 என்ற ஆட்டோமேட்டிக் மெஷின்தான் அங்கே ராஜா. 24 ஜுவல், மணிக்கு 21,600 துடிப்பு, கழற்றி வைத்தாலும் சுமார் 41 மணி நேரம் ஓடும். இதற்குப் பொருந்தும் 28.5 மில்லிமீட்டர் டயல்கள், முட்கள், கேஸ்கள் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. டயலின் பின்னால் இருக்கும் இரண்டு சின்னக் கால்கள் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று பார்த்து வாங்க வேண்டும். சாவிக் குமிழ் 3 மணிக்கு நேராக இருக்கும் கேஸும், கொஞ்சம் இறங்கி 4 மணிப் பக்கம் இருக்கும் கேஸும் வேறு வேறு டயல் கேட்கும். அதைக் கவனிக்காமல் வாங்கினால் வாட்ச் கோணலாக முழிக்கும்.

கற்றுக்கொள்ள ஆசையா? குடும்ப வாட்ச்சில் கை வைக்காதீர்கள். ஓடாத எச்.எம்.டி மெஷின் ஒன்றைப் பழைய சாமான் விலைக்கு வாங்கிப் பிரித்துப் பழகுங்கள். பிரிக்கும் முன் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை மெதுவாக இறக்கிவிட வேண்டும். மறந்தால், முதல் பாகத்தைக் கழற்றியதும் சக்கரங்கள் வெறிபிடித்துச் சுழன்று பல் உடையும். ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. 1960-கள் வரை, இருட்டில் ஒளிர்வதற்காக டயலிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த பெயின்ட் பூசிய வாட்ச்கள் நிறைய வந்தன. இன்று அவை ஒளிராது, ஒளிரும் ரசாயனம் செத்துவிட்டது. ரேடியம் சாகவில்லை. அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். மூடியபடி இருப்பதைவிட, திறந்து சுரண்டும்போதுதான் பெரிய ஆபத்து. உதிரும் தூள் மூச்சில் போகும். அந்தக் காலத்து ஒளிரும் டயல் என்றால், வீட்டில் திறக்கவே வேண்டாம்.

சரி, ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘சூப்பர் க்ளோன்’? ஒரு பிரபல டைவிங் வாட்ச்சின் சாயலில் ஒரு கம்பெனி தன் சொந்தப் பெயரைப் போட்டு வாட்ச் விற்றால் அதை ‘ஹோமேஜ்’ என்று சொல்லிச் சமாளிக்கலாம். ரோலக்ஸ் செய்யாததில் ரோலக்ஸ் என்று எழுதிய நிமிஷம் அது போலி. நீங்களே உட்கார்ந்து ஆசையாகப் பூட்டிய மாட் வாட்ச்சாக இருந்தாலும் இதேதான். 1999-ம் ஆண்டு வர்த்தகக் குறிகள் சட்டப்படி, போலிப் பெயர் போட்ட பொருளை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ரிப்பேர் என்று வந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர் அதைத் தொடாது. ஒரிஜினல் பாகம் பொருந்தும் என்ற உத்தரவாதமும் இல்லை. டயலில் 300 மீட்டர் ஆழம் தாங்கும் என்று எழுதியிருக்கும். அதை நம்பி நீச்சல் குளத்தில் இறங்கினால் கண்ணாடிக்குள் ஆவி படியும். என் கணக்கில், அந்தக் காசுக்கு நிறமே மாற்றாத ஒரு பழைய ஜனதா எவ்வளவோ மேல்.

பீரோ வாட்ச்சைக் கடைக்கு எடுத்துப்போகும்போது முன்னும் பின்னும் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியைத் திறந்ததும் மெஷினையும் ஒரு படம். “சர்வீஸ் மட்டும் பண்ணுங்கண்ணே. டயலைத் துடைக்கக்கூட வேணாம். கேஸுக்கு பாலிஷ் போடாதீங்க. எதை மாத்தினாலும் பழசைக் கவர்ல போட்டுக் கொடுத்துடுங்க” என்று சொல்லி, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். பெரிய பிராண்டின் சர்வீஸ் சென்டர் என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல எண்ணத்தோடு பழைய டயலையும் முள்ளையும் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுவிடுவார்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியை மட்டும் தாராளமாக மாற்றலாம், அது தேய்வதற்கென்றே இருக்கும் பாகம்.

வீட்டுக்கு வந்த பிறகு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். குமிழ் இறுகுவது விரலுக்குத் தெரியும், அங்கே நிறுத்திவிடுங்கள். தேதி காட்டுகிற வாட்ச் என்றால், இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 3 மணி வரை முள் நிற்கும்போது தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பல் பிடித்திருக்கும், உடைந்துவிடும். குளிக்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். போன் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கி, மறுநாள் திடீரென்று வேகமாக ஓடினால் பயப்பட வேண்டாம். ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கும், கடையில் இரண்டு நிமிஷத்தில் இறக்கிக் கொடுத்துவிடுவார்கள்.