இணையக் கடை திணறும்போது

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, சிங்கப்பூரின் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நாட்டு மக்களிடம் உரையாற்றினார். கொவிட்-19 கிருமித்தொற்றைக் கட்டுப்படுத்த, ஏப்ரல் 7ஆம் தேதி முதல் பெரும்பாலான வேலையிடங்கள் மூடப்படும் என்று அவர் அறிவித்தார். பேரங்காடிகள் திறந்திருந்தபோதிலும், வீட்டிலிருந்தபடியே மளிகைப் பொருள் வாங்க முயன்றோரின் எண்ணிக்கை மளமளவென்று உயர்ந்தது. இணையக் கடைகள் திணறின. சிலருக்குப் பக்கமே திறக்கவில்லை. திறந்தவர்களுக்கோ, பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் விநியோக நேரம் கிடைக்கவில்லை. வெளியே செல்ல அஞ்சிய முதியோருக்கு அது வெறும் எரிச்சல் அன்று. நாளைய அரிசியையும் பாலையும் பற்றிய கவலை.

அந்த நெருக்கடி தீர்ந்துவிட்டது. எனினும், தீபாவளிக்கு முந்திய வாரத்திலோ பெரிய தள்ளுபடி நாளிலோ இணையக் கடைகள் இன்றும் தடுமாறுவதுண்டு. அப்போது பலரும் “இணையம் சரியில்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதற்கு ஒப்பானது இது. ஓர் ஆர்டர் வீட்டுவாசலுக்கு வந்து சேரும்முன் பல கைகள் மாறுகிறது. வாங்குபவரின் திறன்பேசி அல்லது கணினி, அதை வெளியுலகோடு இணைக்கும் வைஃபை, கடையின் இணையத்தளத்தை இயக்கும் சேவையகங்கள், பணத்தை அனுப்பும் வங்கி, பொருளை எடுத்துவைக்கும் கிடங்கு, அதைச் சுமந்து வரும் வேன் ஆகிய அனைத்தும் ஒழுங்காக இயங்க வேண்டும். எந்த இடத்தில் தடை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கோளாறு வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியில் இருக்கிறதா என்று அறிவது எளிது. வேறோர் இணையத்தளத்தைத் திறந்து பார்க்கலாம். எல்லாத் தளங்களும் ஆமைவேகத்தில் நகர்ந்தால், வைஃபையை நிறுத்திவிட்டுக் கைப்பேசியின் தரவுச் சேவைக்கு மாறிப் பார்க்க வேண்டும். மற்றத் தளங்கள் விரைவாகத் திறந்து, அந்தக் கடை மட்டும் திணறினால், அதே கடையை வேறொரு கருவியில் திறந்து பார்க்கலாம். அங்கே நன்றாக இயங்கினால் கோளாறு முதல் கருவியில்தான்.

அதற்குப் பெரும்பாலும் பழைய பதிவுகளே காரணம். ஒரு பக்கத்தை விரைவாகத் திறப்பதற்காக, உலாவி அதன் படங்களையும் நிரல்களையும் கருவியிலேயே சேமித்து வைத்துக்கொள்கிறது. கடை தன் தளத்தைப் புதுப்பித்த பிறகும், சேமிக்கப்பட்ட பழைய பகுதி புதியதோடு கலந்துவிட்டால், பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிடுவது நல்லதன்று. கணக்கில் நுழையாமல் பொருள்களைத் தேர்ந்தெடுத்தவரின் கூடை, அந்தப் பதிவுகளோடு சேர்ந்து காலியாகிவிடக்கூடும். முதலில் உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் தளத்தைத் திறந்து பார்க்கலாம். அது பழைய பதிவுகளைப் பயன்படுத்தாது. அங்கே சரியாக இயங்கினால், கூடையைத் திரையில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு கடையின் பதிவுகளை மட்டும் நீக்கினால் போதும். கருவியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் தளம் திறக்காமல் போகலாம். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று உலாவி தவறாக முடிவுசெய்துவிடும்.

எந்தக் கருவியிலும் திறக்கவில்லை என்றால், தடை கடையின் பக்கம் இருக்க வாய்ப்புண்டு. திரையில் தோன்றும் எண் அதை ஓரளவு சொல்லிவிடும். 404 என்றால் கேட்ட பக்கம் அங்கு இல்லை. முகவரி தவறாக இருக்கலாம். 500 என்றால் சேவையகத்துக்குள் ஏதோ பிழை. 503 என்றால் சேவையகம் தற்போது சேவை வழங்கும் நிலையில் இல்லை. கூட்டம் மிகுந்திருக்கலாம் அல்லது பராமரிப்புப் பணி நடந்துகொண்டிருக்கலாம். 429 என்ற எண், ஒரே இடத்திலிருந்து அளவுக்கு மிஞ்சிய கோரிக்கைகள் வந்துவிட்டன என்பதைக் காட்டுகிறது. பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பவர்கள் அதைப் பார்க்க நேரிடலாம். ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு புதிய கோரிக்கை. ஆயிரக்கணக்கானோர் அப்படிச் செய்தால், மூச்சுத் திணறும் சேவையகத்தின் கழுத்தை மேலும் நெரிப்பதாகிவிடும். சில கடைகள் கூட்ட நேரத்தில் வாடிக்கையாளரை மெய்நிகர் வரிசையில் நிறுத்துகின்றன. அங்கே பக்கத்தைப் புதுப்பித்தால், காத்திருந்த இடம் பறிபோகவும் கூடும்.

சட்டை விற்கும் தளத்தைவிட மளிகைத் தளத்தின் வேலை கடினமானது. சட்டை வாங்குபவர் ஒன்றிரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுப்பார். மளிகை வாங்குபவரின் கூடையில் வெங்காயம், தயிர், மீன், சவர்க்காரம் என முப்பது நாற்பது பொருள்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் இருப்பில் உள்ளதா என்று தளம் பார்க்க வேண்டும். காலையில் கூடையில் போட்ட கீரை, மாலையில் பணம் செலுத்தும்போது தீர்ந்துபோயிருக்கலாம். கூடையிலிருந்து அது காணாமற்போவது கோளாறன்று. தளம் ஒழுங்காக இயங்குவதன் அடையாளம்.

விநியோக நேரமும் அப்படித்தான். ஒரு வேன் இரண்டு மணி நேரத்தில் குறிப்பிட்ட சில வீடுகளுக்கு மட்டுமே செல்ல முடியும். அத்தனை வீடுகளும் பதிவானதும் அந்த நேரம் மூடப்படும். சேவையகம் போதவில்லை என்றால், கூடுதல் கணினித் திறனைச் சில நிமிடங்களில் வாடகைக்கு எடுத்துவிடலாம். கூடுதல் வேன்களையும் ஓட்டுநர்களையும் கிடங்கு ஊழியர்களையும் அப்படி எடுக்க முடியாது. 2020இல் பக்கம் திறந்த பின்னரும் பலர் வெறுங்கையோடு திரும்பியதன் காரணம் இங்கேதான் இருந்தது. கணினியை அணைத்துப் போடுவதால் ஒரு வேன்கூடக் கூடுதலாக வராது. தேவைப்படும் நாளுக்குச் சில நாள்கள் முன்பே பதிவுசெய்வதும், மற்றவர்கள் ரத்துசெய்த நேரம் ஏதும் கிடைக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதுமே இதற்கு வழி.

பணம் செலுத்தும் கட்டத்தில்தான் பொறுமை மிகவும் தேவை. பொத்தானை அழுத்தியதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வங்கி பணத்தை ஏற்றுக்கொண்டிருக்கலாம்; அந்தச் செய்தி கடைக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். அப்போது மறுபடியும் அழுத்தினால், ஒரே பொருள்களுக்கு இருமுறை பணம் போகும் ஆபத்து உண்டு. “மீண்டும் முயலவும்” என்று திரை சொன்னாலும் உடனே கேட்டுவிடக் கூடாது. கடைக் கணக்கில் ஆர்டர் பதிவாகியிருக்கிறதா, மின்னஞ்சல் வந்திருக்கிறதா, வங்கிச் செயலியில் பணம் கழிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடன்பற்று அட்டையில் சில வேளைகளில் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக நிறுத்தி மட்டுமே வைத்திருக்கும். ஆர்டர் நிறைவேறாவிட்டால், சில நாள்களில் அது விடுவிக்கப்படும்.

தளம் திணறும் நேரத்தை மோசடிக்காரர்களும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சமூக ஊடகங்களில் மலிவு விலையில் உணவுப்பொருள் விற்பதாக விளம்பரம் செய்து, ஆண்ட்ராய்டு கருவிகளில் ஏபிகே கோப்பைப் பதிவிறக்கச் சொல்லும் மோசடிகள் குறித்து 2023இல் சிங்கப்பூர்க் காவல்துறை எச்சரித்தது. அந்தக் கோப்பில் ஒளிந்திருக்கும் தீங்குநிரல், வங்கி விவரங்களைத் திருடிவிடும். கடையின் செயலியை அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். ஐயம் எழுந்தால், 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் தீராத சிக்கலைக் கடையிடம் எழுத்தில் தெரிவிக்கலாம். “உங்கள் தளம் மோசம்” என்று எழுதினால், பதிலாக ஒரு மன்னிப்பு மட்டுமே வரும். “நேற்று இரவு 9.40 மணிக்குத் திறன்பேசிச் செயலியில் பணம் செலுத்தியபோது 503 என்ற எண் தோன்றியது. அட்டையிலிருந்து 86 வெள்ளி 40 காசு கழிந்ததாக வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. கணக்கில் ஆர்டர் எதுவும் இல்லை. திரையின் படத்தை இணைத்துள்ளேன்” என்று எழுதினால், எந்த நேரத்துப் பதிவைத் தேட வேண்டும் என்பது ஊழியருக்கு உடனே தெரிந்துவிடும். அட்டையின் முழு எண்ணையும் ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல்லையும் அந்தக் கடிதத்தில் எழுதத் தேவையில்லை. அவற்றைக் கேட்கும் ஊழியர் உண்மையான ஊழியராக இருக்க மாட்டார்.