குளிரில் தடுமாறிய லாரி

“டீசல் எஞ்சினுக்கு மின்சாரம் எதற்கு?” என்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. பெட்ரோல் எஞ்சினைப்போல் அதற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. காற்றை இறுக்கி, அதில் எழும் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கும் முறையை ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். கம்பி இழுத்து நிறுத்தும் பழைய லாரிகளில், எஞ்சின் ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு பாட்டரியின் தயவே தேவைப்படவில்லை.

இன்றைய லாரியின் கதை வேறு. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2017 ஏப்ரலிலும், மீண்டும் 2020 ஏப்ரலிலும் நாடெங்கும் இறுகியபின், எண்ணெயை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதைப் பெரும்பாலும் ஒரு சிறு கணிப்பொறியே முடிவு செய்கிறது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் எண்ணெய் பேரழுத்தத்தில் காத்திருக்கும். அதற்கு ‘காமன் ரெயில்’ என்று பெயர். கணிப்பொறிக்குக் கண் ஏது? சென்சார்கள் சொல்வதைத்தான் அது நம்பும். சென்சார் பொய் சொன்னால், குற்றமற்ற எஞ்சினும் தள்ளாடும்.

இதை நான் படித்து அறிந்ததைவிட, மாட்டுப்பட்டியில் பட்டு அறிந்ததே அதிகம். மூணாறுக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மார்கழிக் காலையில் அணைக்கட்டு நீரின்மேல் பனிமூட்டம் படுத்துக் கிடக்கும். என் மாமா வட்டவடைக் காய்கறியை மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்குக் கொண்டுபோகிறவர். விடுமுறைக்குச் சென்றபோது அவர் முகத்தில் களையே இல்லை. விடியற்காலையில் எஞ்சின் குலுங்கும், வெண்புகை கக்கும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். அதற்குள் சந்தை முடிந்துவிடும்! பட்டறையில் வடிகட்டி மாற்றினார்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பயனில்லை. அடுத்து பம்பையே மாற்ற வேண்டுமாம். அத்தையின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகவிருந்தது.

“மாப்பிள்ளே, நீ என்னமோ மின்சாரம் படிக்கிறியே, கொஞ்சம் பாரேன்” என்றார் மாமா.

மறுநாள் காலை மெக்கானிக்கும் வந்தார். அனுபவசாலி, நல்ல மனிதர். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடுகிற எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்த ஸ்பேனரை எடுத்தார். நான் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டேன். பழைய எஞ்சினில் அது வழக்கமான சோதனைதான். காமன் ரெயிலிலோ ஆயிரம் பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும். அந்த எண்ணெய்ப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே பாயும். கையையே இழக்க நேரிடலாம். ஆகவே நண்பர்களே, அந்த ஆசை வேண்டாம். ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும் வசதி பல ஸ்கேனர்களிலேயே உண்டு.

முதலில் அடிப்படையைப் பார்த்தேன். 24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள் தொடராக இருக்கும். ஓய்வில் ஒவ்வொன்றும் சுமார் 12.6 காட்ட வேண்டும். காட்டின. ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் உடலுக்கும் பாட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே அளந்தேன். அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால் எர்த் பட்டையைச் சந்தேகிக்கலாம். அதுவும் நன்றாகவே இருந்தது.

பிறகுதான் வேடிக்கை. மறுநாள், இரவெல்லாம் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் திருப்பி, மெக்கானிக்கின் ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைப் பார்த்தேன். நின்றுபோன எஞ்சினில் அழுத்தம் ஏது? பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது 120 பார் என்று காட்டியது! இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் கணிப்பொறி நம்புகிறது. அதனால் உண்மை அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. எஞ்சின் பசியால் நடுங்குகிறது.

அந்தச் சென்சாருக்கு மூன்று கம்பிகள்: 5 வோல்ட் வருவது ஒன்று, எர்த் ஒன்று, செய்தி சொல்வது ஒன்று. அழுத்தமில்லாதபோது செய்திக் கம்பியில் 0.5 வோல்ட், மாமாவின் லாரியில் உச்ச அளவான 1,800 பாரில் 4.5 வோல்ட். ஆக ஒரு வோல்ட்டுக்கு 450 பார். கனெக்டரை மாட்டியபடியே, அதன் பின்புறம் மெல்லிய ஊசியை நுழைத்து அளந்தேன். 5 வோல்ட் சரியாக வந்தது. எர்த் முனையிலோ, கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், 0.3 வோல்ட் நின்றது. தரையே உயர்ந்துவிட்டால் அதன்மேல் நிற்பவனும் உயரத்தானே செய்வான்! செய்திக் கம்பியில் 0.77 வோல்ட். மிகையான 0.27-ஐ 450-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 120 பார் வந்துவிடும்.

கனெக்டரைக் கழற்றினால், ரப்பர் சீல் கிழிந்திருந்தது. எர்த் முனையில் பச்சைக் களிம்பு. வாட்டர் சர்வீசில் பீய்ச்சிய தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். குளிரில் தளர்ந்த தொடர்பு, எஞ்சின் சூடேறியதும் ஓரளவு கூடியிருக்கிறது. வெயிலில் நோய் தீர்ந்த மர்மம் அதுதான்.

மூணாறிலிருந்து புதுக் கனெக்டர் வாங்கி மாற்றினோம். பம்புக்குக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் அது டீச்செலவு. அடுத்த விடியலில் ஸ்கேனர் பூஜ்யம் காட்டியது. மாமா கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மெக்கானிக் மட்டும் என் மல்டிமீட்டரைத் திருப்பித் தராமல், இன்னும் இரண்டு லாரிகள் நிற்கின்றன என்று பட்டறைக்கு அழைத்துப் போய்விட்டார்.