டேங்கில் பெட்ரோல் இருந்தும் எஞ்சின் நிற்பது ஏன்?

செம்பூரிலிருந்து மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பழைய பஜாஜ் ஸ்கூட்டரில் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். சயான் பக்கம் வரும்போது வண்டி இருமும், துடிக்கும். "என்ன, பெட்ரோல் தீர்ந்து போச்சா?" என்பார் பின்னால் உட்கார்ந்திருப்பவர். குனிந்து 'ரிசர்வு'க்குத் திருப்பினால் மறுபடி ஓடும். அதுவும் தீர்ந்தால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது.

நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் இன்று விமானி பயிற்சிக்குப் போகிறார்கள். "ஒத்தை எஞ்சின்தானாமே, அது நின்னு போச்சுன்னா?" என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். நியாயமான பயம். ஆனால் சிறு விமானங்களில் எஞ்சின் வலுவிழந்த பல சம்பவங்களில் எஞ்சினில் ஒரு பழுதும் இருந்ததில்லை. பெட்ரோல் அதற்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, பெட்ரோல் முழுவதும் தீர்ந்து போவது. இரண்டாவதுதான் வியப்பானது: ஒரு டேங்கில் பெட்ரோல் இருக்கும், எஞ்சின் இழுப்பதோ காலியான மற்ற டேங்கிலிருந்து! சிறு விமானங்களில் பொதுவாக இரண்டு இறக்கைகளிலும் டேங்க் இருக்கும். செஸ்னா 172 போல இறக்கை மேலே உள்ள விமானத்தில் பெட்ரோல் தானாகக் கீழே இறங்கும். இரண்டு டேங்கையும் ஒன்றாகத் திறந்து வைக்கலாம். பைப்பர் செரோக்கி போல இறக்கை கீழே உள்ளதில் பம்ப்தான் உறிஞ்ச வேண்டும். இரண்டையும் திறந்தால், காலியான பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சிவிடும். ஆகவே இடது, வலது என்று நேரம் பார்த்து விமானியேதான் மாற்ற வேண்டும்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 1997 அக்டோபர் 12 அன்று, தாம் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி என்ற சிறு விமானத்தில் பெட்ரோல் நிரப்பாமலே கிளம்பினார். டேங்க் மாற்றும் கைப்பிடி அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி அதைப் பிடிக்க முயன்றபோது வலது காலால் பெடலைத் தம்மை அறியாமல் மிதித்துவிட்டார் என்பது விசாரணையின் முடிவு. விமானம் மான்டெரே விரிகுடாவில் விழுந்து அவர் இறந்தார். கிளம்புமுன் பெட்ரோல் போடாததையும் விசாரணை குறையாகச் சொன்னது.

இதற்கு நேர்மாறான பழக்கம் நம் மும்பையின் சரித்திரத்திலேயே உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் தபாலோடு ஜுஹுவில் வந்து இறங்கினார். நடுவில் அகமதாபாத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்த டின்களிலிருந்து பெட்ரோல் நிரப்பிக்கொண்டுதான் புறப்பட்டார். அந்தத் தபால் பிறகு நெவில் வின்ட்சென்ட் ஓட்டப் பல்லாரி வழியாகச் சென்னை போய்ச் சேர்ந்தது.

கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டாலும் அந்தப் பழக்கம் மாறக்கூடாது. பெட்ரோல் முள்ளை மட்டும் நம்பாமல், அளவுக்குச்சியை டேங்குக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும்; தண்ணீர் கலந்திருந்தால் நீல நிறப் பெட்ரோலுக்கு அடியில் தனியாகத் தங்கும். போய்ச் சேரும் அளவுக்கு மேல், பகலில் குறைந்தது அரை மணி நேரத்துக்குக் கையிருப்பு வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சின் நின்றால்? விமானம் கல்லைப் போல் விழுந்துவிடாது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காத்தால், செஸ்னா 172 ஆயிரம் அடி உயரத்திலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் மிதந்து வரும். முதலில் வேகம், அடுத்தது இறங்க இடம், பிறகுதான் டேங்க் மாற்றுவது. இந்த வரிசை மாறினால்தான் ஆபத்து.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாதீங்கம்மா. 'இன்னிக்கு டேங்கைக் குச்சி விட்டுப் பார்த்தியா?'ன்னு பிள்ளையைத் தினமும் கேளுங்க. அது போதும்."