உங்களுக்குத் தெரியுமா? எச்சில் வழிவதன் மறுபக்கம்

பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு எச்சில் வழியும். ஆனால் அவர்களில் பலருக்கு எச்சில் சுரப்பதே மற்றவர்களைவிடக் குறைவுதான்!

• நம் வாயில் தினமும் அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. நினைக்காமலே விழுங்கிவிடுகிறோம். பார்க்கின்சனில் இந்த விழுங்கல் மந்தமாகிறது. தலை குனிந்து, உதடும் சரியாக மூடாததால் எச்சில் வெளியே வழிகிறது.

• வாயோரம் புண்ணாவது கண்ணுக்குத் தெரியும். பெரிய ஆபத்து உள்ளே: எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். சிலருக்கு இருமல்கூட வராமல் இறங்கிவிடும், அதுதான் பொல்லாதது.

• குளோசபின் என்ற மனநோய் மருந்தும் எச்சிலை வழியவைத்து இரவில் தலையணையை நனைக்கும்.

• முகச்சுருக்கத்துக்குப் போடும் போட்டுலினம் ஊசியை உமிழ்நீர்ச் சுரப்பிகளில் போட்டால், சில மாதங்களுக்கு வழிவது குறையும். இதற்கு அமெரிக்கா 2018இல் அனுமதி தந்தது.