உப்பு மண்ணில் வேரடிக் கூட்டாளி

எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து மீஞ்சூர்ப் பக்கம் போனால் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். ஆலைகளுக்கும் நகரத்துக்கும் நிலத்தடி நீரை இறைத்து இறைத்தே, 1960களின் கடைசியிலிருந்து கடலை உள்ளே வரவழைத்துவிட்டோம். அந்தத் தண்ணீரில்தான் நெல்லும் பிழைத்தாக வேண்டும்.

நெல்லுக்கு உப்பு ஆகாது. மண்சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் சரியத் தொடங்கும். கடல்நீரில் அது 50ஐ ஒட்டி இருக்கும். வேரைச் சுற்றி ஈரம் இருந்தும் உறிஞ்ச முடியாது. உள்ளே புகும் சோடியம், பொட்டாசியம் செய்யவேண்டிய வேலையைக் கெடுக்கும். இவை போதாதென்று பயிர் தனக்குத்தானே ஒரு கெடுதலும் செய்துகொள்கிறது. நெருக்கடி வந்ததும் எத்திலீன் என்ற வாயுவை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ஆலைச் சங்கு ஊதியதும் கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியேறுவதுபோல, வேர் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். இலை முன்கூட்டியே பழுக்கும்.

வேரடியில் வாழும் சில பாக்டீரியாக்கள் கைவைப்பது இங்கேதான். எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏசிசி என்ற சேர்மத்தை ஒரு நொதியால் உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனைத் தங்கள் உணவாக்கிக்கொள்கின்றன. எத்திலீன் குறைய, வேர் தொடர்ந்து நீளும். கனடா விஞ்ஞானி பெர்னார்ட் கிளிக்கும் அவரது குழுவினரும் 1998இல் முன்வைத்த விளக்கம் இது. வேறு சில பாக்டீரியாக்கள் கொழகொழப்பான சர்க்கரைப் படலம் ஒன்றைச் சுரந்து, சோடியத்தை வேருக்கு வெளியிலேயே பிடித்துவைக்கின்றன. தருமமெல்லாம் இல்லை, வேர் கசியவிடும் சர்க்கரைதான் அவற்றுக்குக் கூலி.

இப்படிப்பட்ட நுண்ணுயிர்களை எங்கே தேடுவது? உப்பிலேயே பிறந்து வளர்ந்த செடியின் காலடியில். அலையாத்திச் சேற்றில் வளரும் போர்ட்டரீசியா என்ற காட்டு நெல், இலையிலுள்ள நுண்மயிர்கள் வழியே உப்பை வெளியேற்றிவிடும். அதன் வேரிலும் தண்டிலும் பிச்சாவரத்தில் ஒரு புதிய பாக்டீரியா கிடைத்தது. சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும் 2004இல் அதற்குச் சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ் என்று பெயரிட்டார்கள். 3 சதவீத உப்பிலும் அது வளரும். கடல்நீரில் இருப்பதே சுமார் மூன்றரை சதவீதம்தான். உப்பு இருக்கும்போதே காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது, மண்ணில் முடங்கிக் கிடக்கும் பாஸ்பரஸையும் கரைத்துக் கொடுக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டால் உவர் நிலம் விளைந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆய்வகத் தொட்டியில் ஜெயிக்கும் பாக்டீரியா, வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோடு போட்டிபோட முடியாமல் காணாமல் போவதுண்டு. கடையில் வெயில் பட்ட பாக்கெட்டில் உயிரே மிஞ்சாமலும் போகலாம். அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர் உரம் வாங்குகிறவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள்; ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்துங்கள்; பூஞ்சைக்கொல்லியோடு கலக்காதீர்கள். எதைப் பூசினாலும் மண்ணிலுள்ள உப்பு அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க நிலத்தடி நீர் இறைப்பைக் கட்டுப்படுத்தி, மழைநீரை உள்ளே இறக்கியாக வேண்டும்.

மீஞ்சூருக்கு மிக அருகிலுள்ள அலையாத்திக் காடு கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் இருக்கிறது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் மூச்சுவேர்களில் ஒட்டியது. உப்பைத் தாங்கும் நுண்ணுயிர் வேண்டுமென்று பிச்சாவரம்வரை போகும் நாம், வீட்டு வாசலில் உள்ள இந்தச் சேற்றில் என்னென்ன வாழ்கின்றன என்று கணக்கெடுத்துவிட்டாவது அதை மேடாக்க அடுத்த லாரி மண்ணைக் கொட்ட வேண்டும்.