உளவுப்படமும் இளையபெருமாள் அறிக்கையும்

சென்னையிலிருந்து சிதம்பரம் வழியாகக் குமராட்சி திரும்பிய இரவில், பேருந்தில் ‘பெல் பாட்டம்’ (2021) என்னும் இந்திப் படம் ஓடியது. 1984 விமானக் கடத்தலை இந்திய உளவாளி துபாயில் முறியடிப்பதாகக் கதை. உண்மையில் பேச்சு நடத்திக் கடத்தியோரைச் சரணடையச் செய்தது ஐக்கிய அரபு அமீரக அரசு. பொய்யும் சலிப்பூட்டியது. நாட்டுப்பற்றுக்குப் பகை எல்லைக்கு வெளியேதான் வேண்டும் போலும்!

உள்ளே இருந்த கொடுமையைத் தேடிச் சென்றவர், குமராட்சியை அடுத்த காட்டுமன்னார்கோயிலின் எல்.இளையபெருமாள். 1965இல் ஒன்றிய அரசு அமைத்த தீண்டாமை குறித்த குழுவுக்குத் தலைவராகி, மாநிலந்தோறும் சாட்சியம் திரட்டினார். 1969இல் அளித்த அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கக் கோரியது. 1970இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றாலும், நியமனம் ஆகமப்படியே நடக்க வேண்டும் என்றது.