போன் வரையும் கலியாணப் படமும் நம் வீட்டுக் கலியாணமும்



தை பிறந்தால் நம் தோட்டங்களில் கலியாணப் பேச்சுத் தொடங்கிவிடும். சேலை எப்படி, மணவறை எப்படி என்று பார்க்க முன்பெல்லாம் டவுனுக்குப் போய் ஸ்டூடியோ அல்பத்தைப் புரட்டுவோம். இல்லாவிட்டால் சொந்தக்காரர் வீட்டுக் கலியாண வீடியோவைப் போட்டுப் பார்ப்போம். இன்று பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. "செவ்வந்திப் பூ வைத்த மணவறை" என்று எழுதினால் கொஞ்ச நேரத்தில் படம் வந்து நிற்கிறது. இதைச் செய்வது செயற்கை நுண்ணறிவு. ஏ.ஐ. என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான்.

இது நல்லதா, கெட்டதா? வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க இது நல்ல துணை. ஆனால் வந்த படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கடன் வாங்கினால் அதுவே வினையாகிவிடும். ஏன் என்று பார்ப்போம்.

இந்தப் படம் எப்படி வருகிறது?

படமும் அதை விளக்கும் எழுத்துமாகக் கோடிக்கணக்கில் கணினிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். 2022ஆம் ஆண்டு வெளியான லயன் 5பி என்ற ஒரு தொகுப்பில் மட்டும் சுமார் 585 கோடி படங்களின் இணைப்புகள் விளக்கத்தோடு இருந்தன. மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்றவை பொதுமக்கள் கைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 2025 செப்டெம்பரில், கூகுளின் ஜெமினியில் தங்கள் படத்தைக் கொடுத்து, பழைய சினிமா நாயகி போலச் சேலை உடுத்திப் பார்க்கும் மோகம் இந்தியாவில் பரவியது.

நாம் எழுதியதும் கணினி எங்கோ இருக்கும் போட்டோவைத் தேடி எடுத்துத் தருவதில்லை. அன்டெனா சரியில்லாத பழைய டீவியில் புள்ளி புள்ளியாய் இரையுமே, அது போன்ற புள்ளிக் கூட்டத்தில்தான் தொடங்குகிறது. அதைக் கொஞ்சங் கொஞ்சமாய்த் திருத்தி, தான் பழகிய படங்களின் சாயலில் புதிதாக ஒன்றை உண்டாக்குகிறது. ஆகவே அந்தப் படத்தில் உள்ள சேலையை எந்தத் தறியிலும் யாரும் நெய்யவில்லை. அந்த மண்டபத்தை எந்த ஊரிலும் யாரும் கட்டவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

நம் வழக்கம் அதற்குத் தெரியுமா?

அவ்வளவாகத் தெரியாது. "தமிழ்க் கலியாணம்" என்று மட்டும் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இந்தியாவின் பணக்காரக் கலியாணம்தான் வரும். சில வேளை வடநாட்டு உடையும் தென்னாட்டு நகையும் ஒரே பெண்ணின் மேல் இருக்கும். இணையத்தில் அப்படிப்பட்ட படங்களே நிறைந்து கிடக்கின்றன; தோட்டத்துக் கலியாணப் படங்கள் குறைவு. கணினி பார்த்துப் பழகியதைத்தானே தரும்?

தாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மஞ்சள் கயிறு, இன்னொரு வீட்டில் பொன் கொடி. தாலியின் உருவமும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். போனோ ஏதோ ஒரு பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிவிடும். தாலி, கூறை, சீர்வரிசை விசயத்தில் வீட்டுப் பெரியவங்க சொல்றதுதான் கணக்கு. கலியாணக் காட்டையும் இதிலேயே செய்கிறவர்கள் கவனியுங்கள்: தமிழ் எழுத்தைப் பல தடவை குளறுபடியாக்கிவிடும். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்னர் எழுத்தெழுத்தாய்ப் பார்க்க வேண்டும்.

எப்படிக் கேட்பது?

இடம், உடை, நிறம், பூ, நேரம், எத்தனை பேர் என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

"இலங்கை மலையகத்தில் ஒரு சிறிய தோட்டத்துக் கோயில். வாசலில் இரண்டு வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம். சிறிய மர மணவறை, செவ்வந்தி மாலை மட்டும். மணப்பெண்ணுக்குத் தங்கக் கரை வைத்த அரக்குச் சிவப்புச் சேலை, முழங்கை வரை சட்டை. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி. மூடுபனி உள்ள காலை நேரம். நூறு பேர்."

தேவாலயத்தில் கலியாணம் என்றால் அதையும் வெள்ளைச் சேலையையும் சொல்லுங்கள். வந்த படம் பிடிக்காவிட்டால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாய் மாற்றினால் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று நமக்கே தெரியாது. கடைசியில் இரண்டு மூன்று படங்களை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டாரிடம் காட்டுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரியவர்கள் முன்னே வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகள் பல பேர். "அப்பா, எனக்குப் பெரிய மண்டபம் வேணாம், இந்த மாதிரி கோயில்லயே வச்சாப் போதும்" என்று படத்தைக் காட்டிச் சொல்வது அவர்களுக்கு லேசு. தையல்காரரிடமும் சட்டைக் கழுத்தையும் கையையும் படத்தில் காட்டலாம். ஆனால் "இதே மாதிரி" என்று ஒற்றைக் காலில் நிற்காதீர்கள். போனில் தெரியும் நிறமும் பளபளப்பும் துணியில் அப்படியே வராது.

விலையைப் பேரில் கணக்குப் பாருங்கள்

போன் தரும் படத்தில் விலை எழுதியிருக்காது. ஆயிரம் ரோசாப் பூவும் கண்ணாடி விளக்கும் போட அதற்கு ஒரு சதமும் செலவில்லை. நமக்கோ எல்லாம் காசு.

ஆகவே பிடித்த படத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று சோடனைக்காரரிடம் விலை கேளுங்கள். அந்தத் தொகையை உங்கள் நாட்சம்பளத்தால் பிரியுங்கள். எத்தனை பேர் போட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு பேச்சுக்கு நாட்சம்பளம் 1,500 ரூபா என்று வையுங்கள். சோடனைக்கு 90,000 ரூபா கேட்டால் அது 60 பேர். மாதம் 20 பேர் போடுகிறவருக்கு மூன்று மாத உழைப்பு! அதுவும் அரிசி, மா, கரண்ட் பில்லுக்கு ஒரு சதமும் எடுக்காமல். அதே மணவறையை உள்ளூர் வாழைமரத்தோடும் பூவோடும் 30,000 ரூபாவுக்குள் முடித்தால் 20 பேர்தான். மிச்சம் 40 பேரின் காசு அந்தப் புதுக் குடும்பத்துக்கு அடுப்பும் பாத்திரமும் கட்டிலுமாகும்.

ஒரு நாள் சோடனை மறுநாள் வாடிவிடும். அதற்காக எடுத்த நுண்கடனின் தவணையோ வாரா வாரம் வாசலுக்கு வரும். அடகு வைத்த நகைக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இதை நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

முகத்தைக் கொடுக்காதீர்கள்

சேலையும் சோடனையும் பார்ப்பதற்குப் பிள்ளையின் முகம் தேவையில்லை. சொல்லால் எழுதினாலே போதும். பெண் பிள்ளைகளின் படங்களைக் கண்ட கண்ட செயலிகளில் ஏற்ற வேண்டாம். ஏற்றிய படம் எங்கே போகிறது, எவர் கையில் சேருகிறது என்று நம்மால் பிடிக்க முடியாது. ஒரு படத்தை வைத்து ஆபாசமாக மாற்றி மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஏதும் நடந்தால் பிள்ளையை ஏசாதீர்கள், குற்றம் மிரட்டுகிறவனுடையது. வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கோ, 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கோ அழையுங்கள்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஏ.ஐ. படத்தைப் போட்டு, "இது நாங்கள் செய்த மணவறை" என்று முகநூலில் விளம்பரம் செய்து முற்பணம் வாங்கிவிடுவார்கள். அவர்கள் சோடித்த கலியாண வீட்டார் யாரிடமாவது நேரில் கேட்டு அறியுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கொடுத்த காசுக்குத் துண்டு வாங்குங்கள்.

பெருமக்களே, படம் பார்ப்பதில் தப்பில்லை. பிள்ளைகள் ஆசைப்படட்டும், பெரியவங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் பார்த்து முடிந்ததும் போனை மூடி வைத்துவிட்டு, தாளும் பேனையும் எடுத்துக் கணக்கை எழுதுங்கள். கடனில்லாமல் குடித்தனம் தொடங்கும் பிள்ளைகளே கொடுத்து வைத்தவர்கள். அந்தக் கொடுப்பினையை நம் பிள்ளைகளுக்கு நாமே கொடுப்போம்.